மணமகளே பாட்டுக்கு மெட்டுப் போட்டது யாருங்க?

பழைய தமிழ்ப் பாட்டுன்னு பேச்சு எடுத்தாலே டவுன்காரங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சு நின்னுக்கறீங்க. ஒரு கட்சிக்கு எம்.எஸ்.விஸ்வநாதன், இன்னொரு கட்சிக்கு இளையராஜா. ரெண்டு பேருமே பெரிய ஆளுங்க, அதுல எனக்கு ஒரு தகராறும் இல்லைங்க. என் தகராறு வேற. இந்தச் சண்டையில ஒரு மனுசனை வரப்போரமா நிக்க வச்சுட்டு, ரெண்டு கட்சிக்காரங்களும் அவரோட பாட்டையும் சேர்த்தே பாடிக்கிட்டிருக்கீங்க. அவரு பேரு கே.வி.மகாதேவன். சினிமாக்காரங்க ‘மாமா’ன்னு கூப்பிடுவாங்க. ‘திரையிசைத் திலகம்’னு பட்டம். 1918-ல நாகர்கோவில் பக்கத்துல கிருஷ்ணன்கோவில்ல பிறந்தவரு. 2001-ல சென்னையில காலமானாரு.

மிகைப்படுத்தறேன்னு நினைக்கறவங்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை. கல்யாண மண்டபத்துல பொண்ணு படியேறும்போது மைக்செட்காரர் தானா ஒரு பாட்டு போடுவாரு. ‘மணமகளே மருமகளே’. தமிழ்நாட்டுல இந்தப் பாட்டு கேக்காத கல்யாணம் குறைவு. 1962-ல வந்த சாரதா படத்துப் பாட்டு, எழுதுனது பஞ்சு அருணாசலம். மெட்டுப் போட்டது யாருன்னு அடுத்த கல்யாணத்துல பந்தியில உக்காந்திருக்கறவங்கள்ட்ட கேட்டுப் பாருங்க. பத்துல எட்டுப் பேரு எம்.எஸ்.வி.ம்பாங்க. மிச்ச ரெண்டு பேரு சாம்பார் கேப்பாங்க.

வசந்த மாளிகை படத்துக்கும் இதே கதிதான். 1972-ல வந்த படம். சிவாஜி கிளாஸைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பாடறதை இன்னிக்கும் காலேஜ் பசங்க நடிச்சுக் காட்டறாங்க. அது சிவாஜி பாட்டு, டி.எம்.எஸ். பாட்டு, கண்ணதாசன் பாட்டு. மகாதேவன் பாட்டுன்னு சொல்ற ஆளை நான் தேடிக்கிட்டிருக்கேன். ‘ஆயிரம் நிலவே வா’வைக் கேட்டா எஸ்.பி.பி.யைத் தமிழ்நாட்டுக்குக் காட்டிக் கொடுத்த பாட்டும்பீங்க. 1969-ல அடிமைப்பெண் படத்துல அந்த இளவட்டக் குரலுக்கு அப்படியொரு மெட்டைப் போட்டுக் கொடுத்தவரு யாருன்னு யோசிச்சதுண்டா?

எங்க ஊர்க்காரங்களையும் நான் விடப்போறதில்லை. பழனிக்காரனுக்கு இந்த மனுசன் மேல தனிக் கடன் ஒண்ணு இருக்கு. சிறந்த இசையமைப்பாளர்னு தேசிய விருது கொடுக்கற வழக்கமே 1967-ஆம் வருசத்துப் படங்கள்லேர்ந்துதான் ஆரம்பம். நௌஷாத், எஸ்.டி.பர்மன்னு இந்திப் பக்கம் ஜாம்பவான்கள் உக்காந்திருந்த காலம். அந்த முதல் விருது ஒரு தமிழ்ப் படத்துக்கு வந்தது. கந்தன் கருணை. எங்க மலைமேல நிக்கறவரோட கதை. வாங்கினது கே.வி.மகாதேவன். இந்தியாவிலேயே அந்த விருதை முதல்ல வாங்கின இசையமைப்பாளர், முருகன் பாட்டுக்காக வாங்கியிருக்காரு. அடிவாரத்துல கடைக்குக் கடை முருகன் பாட்டு ஓடற இந்த ஊர்ல அவரு பேருல ஒரு தட்டியைக்கூட நான் பார்த்ததில்லை.

அதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி, 1965-ல திருவிளையாடல். அந்தப் படம் ஆரம்பிக்கறதே எங்க ஊர்க் கதையிலதான். மாம்பழத்துக்குக் கோவிச்சுக்கிட்டு வந்த பிள்ளையை ஔவையார் வந்து சமாதானம் பண்றாங்க. ஔவையாரா வந்து பாடறது கொடுமுடி கே.பி.சுந்தராம்பாள். பங்குனி உத்திரத்துக்குக் காவேரித் தீர்த்தம் எடுத்துக்கிட்டு கொடுமுடியிலேர்ந்து ஜனங்க பழனிக்கு நடந்து வருவாங்க. அந்த ஊர்க் குரல் இந்த ஊர்ச் சாமியைப் பாடின அந்தப் பாட்டுக்கும் மெட்டு மகாதேவன்தான்.

சரி, ஏன் இப்படி ஆச்சு? இதைத்தான் ரொம்ப நாளா வரப்பு வெட்டும்போதும் தண்ணி கட்டும்போதும் யோசிச்சுக்கிட்டிருந்தேன். எனக்குப் பட்டதைச் சொல்றேன்.

மகாதேவனோட வழக்கம், கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டுக்கு மெட்டுப் போடறது. முதல்ல மெட்டு, அப்புறம் அதுக்குள்ள வார்த்தையை அடைக்கறதுங்கறது பின்னாடி ரொம்பப் பெருகிப்போன முறை. விவசாயி கணக்குல சொன்னா, மெட்டுக்குப் பாட்டெழுதறது ஜேசிபி விட்டு மேட்டைத் தட்டி, பள்ளத்தை மேவி, சமன் பண்ணின நிலத்துல பைப் போடற மாதிரி. சுலபம்னு சொல்லலை, அதுக்கும் திறமை வேணும். எழுதின பாட்டுக்கு மெட்டுப் போடறது, நிலம் எப்படிக் கிடக்குதோ அப்படியே வச்சுக்கிட்டு, மட்டம் பார்த்துப் பார்த்து வாய்க்கால் கொண்டுபோற வேலை. ஒரு வரி நீளம், ஒரு வரி குட்டை. ஒரு இடத்துல வல்லின எழுத்தா முட்டும், ஒரு இடத்துல வழுக்கிக்கிட்டு ஓடும். எங்கேயும் தேங்காம, எங்கேயும் உடைச்சுக்காம தண்ணி கடைமடை வரைக்கும் போகணும். அப்படி வெட்டின வாய்க்கால்ல தண்ணி ஓடும்போது பார்க்கறவங்க கண்ணுக்குப் பயிர்தான் தெரியும், வெட்டினவன் தெரிய மாட்டான். மகாதேவன் கதையும் அதேதான். வார்த்தைக்கு அவ்வளவு அடங்கி வேலை செஞ்சதால கண்ணதாசன் தெரியறாரு, டி.எம்.எஸ். தெரியறாரு, பி.சுசீலா தெரியறாங்க. அவரு தெரியலை.

ஒரு உதாரணம் போதும். ‘மணப்பாறை மாடு கட்டி’. 1957, மக்களைப் பெற்ற மகராசி. எழுதுனது மேலக்குடிகாட்டு மருதகாசி. அந்தப் பாட்டைக் கவனிச்சுப் பாருங்க, அது கவிதைங்கறதைவிட ஒரு வேலைப் பட்டியல். எந்த ஊரு மாடு, எந்த ஊரு ஏரு, எந்த நெல்லு, நாத்து நடறது, அறுக்கறது, எங்கே கொண்டுபோய் விக்கறது, வந்த காசை யார் கையில கொடுக்கறதுன்னு வரிசையா போகும். விவசாயத் துறை துண்டுச் சீட்டுல போட்டுக் கொடுத்தா நாங்களே மடிச்சுப் பையில வச்சுட்டு மறந்துருவோம். அதுக்கு ஒரு மெட்டுப் போட்டு அறுபது வருசத்துக்கு மேல ஜனங்க வாயில உக்கார வச்சுட்டாரு. ஏர் ஓட்டினவங்களுக்குத் தெரியும், அந்தப் பாட்டோட நடை மாட்டோட நடை. அவசரப்படாது, நிக்காது, சால் திரும்பற இடத்துல ஒரு மூச்சு விடும். ஏர் பிடிக்காத என் பையனுக்குக்கூட அந்தப் பாட்டு முழுசா தெரியுது. பாடமா யாரும் சொல்லித் தரலை.

அப்புறம் 1967-ல விவசாயி படம். சாண்டோ சின்னப்பா தேவர் எடுத்தது, எம்.ஜி.ஆர். நடிச்சது. பாட்டெழுதினவங்கள்ல மருதகாசியோட, எங்களுக்கு மேக்கால இருக்கற உடுமலை நாராயணகவியும் உண்டு. விவசாயின்னு எங்கே நாலு பேரு கூடினாலும் அந்தப் படத்துப் பாட்டைத்தான் முதல்ல போடறாங்க. எல்லாக் கட்சி மேடையிலயும் போடறாங்க. அதை எம்.ஜி.ஆர். பாட்டுன்னு சொல்லிச் சொல்லி, அதுக்கு ஒரு இசையமைப்பாளர் இருந்தாருங்கறதே மறந்துபோச்சு.

இப்போ எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். மூணு வாதம் அடிக்கடி காதுல விழுது.

முதலாவது: “அவரு கர்நாடக சங்கீத ஆளுங்க. பக்திப் படத்துக்குச் சரி, மத்ததுக்கு ஆகாது.” அப்படின்னா 1963-ல வந்த இருவர் உள்ளம் பாட்டெல்லாம் யாரு போட்டது? அதே வருசம் கண்ணதாசன் சொந்தமா எடுத்த வானம்பாடிக்கு இசை யாரு? தன் பாட்டுக்கு யாரு மெட்டுப் போடணும்னு கண்ணதாசனுக்குத் தெரியாதா? தேவரோட எம்.ஜி.ஆர். படங்கள் தாய்க்குப்பின் தாரத்துலேர்ந்து வரிசையா இவரு கையில வந்ததுதான். அடிதடிப் படம், மிருகங்கள் வர்ற படம், காதல் படம்னு எல்லாத்துக்கும் போட்டிருக்காரு. பக்திப் படத்துக்குள்ளேயேதான் பாருங்களேன். திருவிளையாடல்ல ஹேமநாத பாகவதர் கதை. பாகவதருக்கு பாலமுரளிகிருஷ்ணா பாடற ராகமாலிகை, பயந்துபோன பாணபத்திரருக்கு டி.ஆர்.மகாலிங்கம் பாடற முறையீடு, விறகு விக்கற சிவனுக்கு ஒரு தெருப்பாட்டு, கடைசியில அதே சிவனுக்கு கௌரிமனோகரியில ‘பாட்டும் நானே’. ஒண்ணை ஒண்ணு ஜெயிக்கணும், அதுதான் கதை. முதல் பாட்டு சுமாரா இருந்தா பாகவதரோட கர்வம் பொய்யாப் போயிரும். கடைசிப் பாட்டு அதைவிட ஒரு படி மேல நிக்கலைன்னா சிவபெருமானே தோத்துப்போவாரு. திண்ணையில கேட்ட பாட்டுக்குப் பயந்து வித்வான் ராத்திரியோட ராத்திரியா ஊரைவிட்டு ஓடறாருன்னா, கொட்டகையில பெஞ்சுல உக்காந்திருக்கறவனும் ‘ஓட வேண்டியதுதான்’னு ஒத்துக்கணுமில்ல? ராகம் தெரியாத எங்க அப்பாரு ஒத்துக்கிட்டாரு. அது லேசுப்பட்ட வேலை இல்லைங்க.

ரெண்டாவது வாதம்: “ரெண்டு தேசிய விருது வாங்கினவரு, அவரைப் போயி மறந்துட்டோம்கறீங்களே.” விருது நெசந்தான். ரெண்டாவது விருது 1979-ஆம் வருசத்துக்கான சங்கராபரணம், தெலுங்குப் படம். இங்கேயும் தெலுங்குலயே ஓடின படம். அந்தப் பாட்டுக்களைப் பாடி எஸ்.பி.பி.யும் வாணி ஜெயராமும் ஆளுக்கொரு தேசிய விருது வாங்கினாங்க. தெலுங்கு தேசத்துல இன்னிக்கும் மகாதேவன் பேரைச் சொன்னா நிமிர்ந்து உக்காருவாங்க. நாகர்கோவில்காரரை அவங்க சொந்தக்காரரா வச்சுக்கிட்டாங்க. நாம அவருக்கு ஒரு பட்டத்தைக் கொடுத்து, பாட்டை மட்டும் எடுத்துக்கிட்டோம். அலமாரியில இருக்கற விருது வேற, ஜனங்க வாயில இருக்கற பேரு வேற.

மூணாவது வாதம்: “பாதி வேலை உதவியாளர் புகழேந்தியோடதுதானே?” புகழேந்தி ஆயுசு முழுக்க அவரோடவே இருந்த பெரிய திறமைசாலி. டைட்டில்ல தன் பேரோட உதவியாளர் பேரையும் ஜனங்க கண்ணுல படற மாதிரி போட வச்சவரு மகாதேவன். பேரைப் பங்கு போட்டுக்கிட்டதையே அவருக்கு எதிரான சாட்சியா திருப்பறது எந்த ஊரு நியாயம்? புகழேந்தியையும் சேர்த்துச் சொல்லுங்க, எனக்குச் சந்தோசந்தான்.

இதுல ஒரு விவசாயிக்கு என்ன இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. காரணம் இருக்குங்க. பழனி பஞ்சாமிர்தம் உலகத்துக்கே தெரியும். 2019-ல புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. அதுல போடற விருப்பாச்சி மலைவாழையை எந்த மலைக்காட்டுல எவன் சுமந்து இறக்கினான்னு யாரும் கேக்கறதில்லை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல ஏத்தற தக்காளி உங்க ஊருக்கு வந்ததும் சூப்பர் மார்க்கெட் தக்காளி ஆயிருது. விளைவிச்சவன் பேரு வழியிலேயே உதிர்ந்துருது. எங்களுக்கு அது பழகிப்போச்சு. பாட்டுக்கும் அதேதான் நடக்குதுன்னு பார்க்கும்போது சும்மா இருக்க முடியலை. எஃப்.எம்.ல நடிகர் பேரு, பாடினவங்க பேரு, படத்துப் பேரு எல்லாம் வருது. மெட்டைப் பயிர் பண்ணினவன் பேரு பாதி நேரம் வர்றதில்லை.

பேரு போறதோட இது நிக்கறதும் இல்லை. 1968-ல தில்லானா மோகனாம்பாள் வந்தது. திரையில சிவாஜி, பின்னாடி நாதஸ்வரம் வாசிச்சது மதுரை எம்.பி.என்.சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். ‘நலந்தானா’ பாட்டுல ஒரு பொண்ணு சபைக்கு நடுவுல ஆடிக்கிட்டே, காயம்பட்டவனை விசாரிக்கறா. அவன் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது, குழல்தான் பேசுது. கோயில்லயும் கல்யாணத்துலயும் மட்டும் கேட்ட வாத்தியத்தை டீக்கடை ரேடியோ வரைக்கும் கொண்டுவந்து, வாசிக்கறவனுக்கு ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்த படம் அது. எங்க பக்கத்துக் கல்யாணங்கள்ல நாதஸ்வரக்காரர் வந்தா, சம்பிரதாயக் கீர்த்தனை முடிஞ்சதும் பெரியவங்க ‘நலந்தானா’வைக் கேட்டு வாங்குவாங்க. இப்போ மண்டபத்துக்கு மண்டபம் செண்டை மேளம் வந்து இறங்குது. தவில்காரர் குடும்பத்துப் பசங்க திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறிட்டாங்க. கேக்கற காது இருந்தாத்தான் வாசிக்கற கை இருக்கும். அந்தக் காதை ஊர் ஊரா வளர்த்து விட்டவரை மறந்தா, அடுத்தது அந்த வாத்தியத்தையும் மறப்போம்.

சிலை வைங்கன்னோ, தெருவுக்குப் பேரு வைங்கன்னோ நான் கேக்கலை. 2018-ல அவருக்கு நூறு வயசு ஆச்சு, எங்க பக்கம் ஒரு சத்தமும் இல்லாம அந்த வருசம் போயிருச்சு. நான் கேக்கறது சின்ன வேலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒண்ணரை மணி நேரம் ஒதுக்குங்க. ‘மணப்பாறை மாடு கட்டி’, ‘பாட்டும் நானே’, திருவருட்செல்வர்ல வர்ற கல்யாணி ராகத்து ‘மன்னவன் வந்தானடி’, ‘நலந்தானா’, ‘ஆயிரம் நிலவே வா’, அப்புறம் வசந்த மாளிகை பாட்டு மொத்தமும். வரிசையா, வேற வேலை பார்க்காம கேளுங்க. ஏர் ஓட்டறவனும், சிவபெருமானும், ராஜசபையில ஆடறவளும், குடிச்சுட்டு அழறவனும் ஒரே ஆளோட மெட்டுல பாடறாங்கன்னு உங்க காதே சொல்லும். அடுத்த தடவை அந்தப் பாட்டை யாருக்காவது அனுப்பும்போது, இசை கே.வி.மகாதேவன்னு ஒரு வரி சேர்த்து அனுப்புங்க.

நாளைக்குக் காலையில மக்காச்சோளத்துக்குத் தண்ணி கட்டணும். மூணுமுனைக் கரண்டு எப்போ வருதோ அப்போதான். அது வரைக்கும் மோட்டார் ரூம்ல மாமா பாட்டுத்தான் ஓடும்.