சுருக்குமடியும் விரல் நீளச் சங்கராவும்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாட்களில், அச்சரப்பாக்கத்து மீன்கடையில் வஞ்சிரம் விலையேறிவிட்டதென்று சலித்துக்கொள்ளும் நாம், கடலுக்குக் கிடைக்கும் அந்த விசிராந்தி நம் உணவின் பொருட்டே ஏற்பட்டதென்பதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். ஆயினும், இனவிருத்திக் காலத்தைக் காத்துவிட்டு, பிறந்த குஞ்சுகளை ஜூன் 15 முதல் வாரி வருவதில் என்ன விவேகமிருக்கிறது?

மீன் கூட்டத்தை வளைத்துச் சூழ்ந்து, அடிக்கயிற்றை இழுத்ததும் வாய் இறுகிப் பையாகிவிடும் சுருக்குமடியில், பெரிதும் சிறிதுமாக ஒரு கூட்டமே அகப்பட்டுவிடுகிறது. சதுரங்கப்பட்டினம் முதல் கோவளம் வரை கட்டுமரத்தையும் பைபர் படகையும் நம்பிப் பிழைப்போருக்கு மிஞ்சுவது சொற்பமே. தமிழக அரசு 2000-இல் தடைசெய்த இவ்வலைக்கு, சுப்ரீம் கோர்ட்டு 2023 ஜனவரியில், 12 கடல் மைலுக்கு அப்பால், திங்களும் வியாழனும், காலை 8 முதல் மாலை 6 வரை மட்டும் என்று இடைக்கால அனுமதி அளித்தது. (மீனுக்குக் கிழமை தெரியாது என்பது வேறு விஷயம்.)

நடுக்கடலில் காவல் காப்பது சிரமசாத்தியம். ஏலக்கரையில் அளவுகோல் பிடிப்பது அத்தனை கடினமன்று. கேரளம் 2015-இல் 14 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச நீளத்தை நிர்ணயித்து, பின்னர் அதை 58 வகைகளுக்கு விஸ்தரித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். அத்தகைய நிர்ணயம் மாமல்லபுரம் கரையிலும் நாள்தோறும் கண்டிப்பாய் அமலாகவேண்டும். விரல் நீளச் சங்கராவைக் கோழித்தீவனத்துக்கென்று எடைபோட்டு வாங்கும் வியாபாரியிடமிருந்தே அபராதத்தைத் தொடங்கலாம்.