பழவேற்காட்டுப் பாடும் புற்றுநோய்ச் சீட்டும்

பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை என்று ஒன்று உண்டு. எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் குப்பத்தார் கூடி, சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். விதி எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் சீட்டின் மேல் நம்பிக்கை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்கிறீர்களா? புதுப் புற்றுநோய் மருந்தைச் சோதிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு பகுதியினருக்குப் புது மருந்து, மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. யாருக்கு எது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும், டாக்டர் அல்ல.

"நம்மை எலியாக்கிவிடுவார்கள்" என்று பலர் பயப்படுகிறார்கள். முற்றிய கணையப் புற்றுநோயைப் பாருங்கள். குறிவைத்துத் தாக்கும் மருந்து என்று எர்லோட்டினிப்புக்கு 2005-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. ஜெம்சிடபினோடு அதையும் சேர்த்துக் கொடுத்ததில் கூடிய ஆயுள் சுமார் 2 வாரம்! 2019-ல் ஓலாபரிப் வந்தது. பிறவியிலேயே பிராக்கா மரபணு மாற்றம் உள்ள சிலருக்கு மட்டும்தான் அது. நோய் வளராமல் இருந்த காலம் 3.8 மாதத்திலிருந்து 7.4 மாதமானது, ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. சுமார் 90 சதவீதம் பேரிடம் காணப்படும் கே-ராஸ் மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்துகள் அண்மையில்தான் பெரிய பரிசோதனைகளுக்கு வந்திருக்கின்றன.

குலுக்கல் இல்லாவிட்டால் அந்த '2 வாரம்' என்ற உண்மை நமக்குத் தெரிந்திருக்குமா? படகையும் வலையையும் விற்று அல்லவா மருந்து வாங்கியிருப்போம்!

ஆகவே பரிசோதனை வேண்டும் என்பதே என் கட்சி. ஆனால் ஒரு வித்தியாசம். பாட்டில் இன்று நல்ல இடம் கிடைக்காதவனுக்கு அடுத்த முறை உண்டு. இந்த நோயாளிக்கு அடுத்த முறை கிடையாது. அதனால் விதிகள் இன்னும் தெளிவாகத் தெரிய வேண்டும். 2019-ல் வந்த இந்திய விதிகளில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கிச் சம்மதம் வாங்க வேண்டும். பரிசோதனையால் பாதிப்பு வந்தால் இழப்பீடு. மருந்து பலன் தந்து, வேறு சிகிச்சையும் இல்லையென்றால், டாக்டர் பரிந்துரையின் பேரில் பரிசோதனை முடிந்த பிறகும் இலவசமாகத் தரலாம்.

இதெல்லாம் குப்பத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2009 முதல் பரிசோதனைகளைப் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவேடோ ஆங்கிலத்தில்! பொன்னேரி அரசு மருத்துவமனையில் தமிழில் ஒரு பட்டியல் ஒட்டினால் என்ன குறைந்துவிடும்?

சீட்டுக்கு நாங்கள் புதியவர்கள் இல்லை என்று ஏரிக்காரர்கள் சொல்வார்கள். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் அவர்களுக்கு முதலில் சொல்லுங்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?