வாள் அட்டையா இருக்கலாம்... வரலாறு அட்டையா இருக்கக் கூடாது!

இந்த வாரம் வந்த கேள்வி கொஞ்சம் வெயிட்டு. பூதப்பாண்டி பக்கமிருந்து ஒரு கல்லூரி கோஷ்டி எழுதியிருக்காங்க. "காலேஜ் டேக்கு சினிமாப் பாட்டுக்கு ஆடி ஆடிப் போரடிச்சுப் போச்சு. நம்ம மாவட்டத்துல நடந்த குளச்சல் போரை மைதானத்துல நடத்திக் காட்டலாம்னு இருக்கோம். எங்க ஆரம்பிக்கிறது? என்னென்ன வேணும்?"

கலக்குங்க மக்கா! வெளிநாடுகள்ல இது பெரிய பொழுதுபோக்கு. வாட்டர்லூ போர் நடந்து 200 வருஷம் ஆனதை ஒட்டி 2015-ல் பெல்ஜியத்துல ஆயிரக்கணக்கான பேர் பழைய சீருடை மாட்டிக்கிட்டு அந்தப் போரை மறுபடி நடத்திக் காட்டினாங்க. அதுல பல பேர் சாதாரண ஆளுங்கதான். நம்ம ஊர்ல கதைக்கா பஞ்சம்? செஞ்சு பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆனா பாஸ், குதிக்கிறதுக்கு முன்னாடி சில விஷயங்கள்...

மொத்தப் போரும் வேண்டாம்!

1741 ஆகஸ்ட் 10-ம் தேதி குளச்சல்ல டச்சு கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை மார்த்தாண்ட வர்மாவின் திருவிதாங்கூர்ப் படை தோற்கடிச்சது. இதை முழுசா நடத்தணும்னா கப்பல், கடற்கரை, பீரங்கின்னு பட்ஜெட் எகிறிடும். அதனால ஒரே ஒரு காட்சியை எடுங்க. டச்சுத் தளபதி டிலனாய் சிறைப்படுற காட்சி போதும். தோத்த ஆளு, ஜெயிச்சவங்க படைக்கே ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்து, பெரிய தளபதியாகி, 1777-ல் இந்த மண்ணுலயே செத்துப்போனார்ங்கிறதுல ஒரு சினிமாவுக்கான கதை இருக்கு. இருபது பேர், இருபது நிமிஷம். அதுக்கு மேல போனா கைத்தட்டல் கொட்டாவியா மாறிடும்.

முதல்ல பஸ் ஏறுங்க

இன்டர்நெட்டுல கிடைக்கிற படத்தைப் பார்த்து டிரஸ் தைக்காதீங்க. உங்களுக்குத்தான் எல்லாமே கைக்கெட்டுற தூரத்துல இருக்கே! குளச்சல்ல போர் வெற்றித் தூண் நிக்குது. புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள்ள டிலனாய் கல்லறை இருக்கு. தமிழிலும் லத்தீனிலும் கல்வெட்டு, நீங்களே வாசிச்சுப் பார்க்கலாம். பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டுக்குள்ள இருந்தாலும் பராமரிக்கிறது கேரளத் தொல்லியல் துறை. திங்கட்கிழமை விடுமுறை, போய் ஏமாந்துடாதீங்க. கையில ஒரு நோட்டு, பென்சில், ஸ்கேல். வாள் எவ்வளவு நீளம், பிடி எப்படி, கதவு எவ்வளவு உயரம்னு வரைஞ்சுக்கோங்க. ஒரு நாள் வரைஞ்சது நூறு போட்டோவை விட மனசுல நிக்கும்.

போர் மட்டும்தானான்னு கேட்கிறவங்களுக்கு இன்னொரு ஐடியா. பூதப்பாண்டியில இருந்து கொஞ்ச தூரத்துல ஆரல்வாய்மொழி. 1809 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கம்பெனிப் படை அங்க இருந்த அரணை உடைச்சுத்தான் நாஞ்சில் நாட்டுக்குள்ள நுழைஞ்சது. அடுத்த வருஷத்துக்கு வச்சுக்கோங்க!

கையில இரும்பு கூடாது... கூடவே கூடாது!

நிஜ வாள், அரிவாள், தாத்தா வீட்டுப் பரண்ல கிடக்கிற துருப்பிடிச்ச குத்துவாள்... எதுவும் வேண்டாம். கூர் மழுங்கியிருந்தாலும் வேண்டாம். மழுங்கின இரும்பும் எலும்பை உடைக்கும். அதோட, பொது இடத்துல வாளோட நடந்தா அது நாடக வாள்னு போலீஸ்காரருக்கு எப்படித் தெரியும்? பிளாஸ்டிக் குழாய் மேல ஃபோம் சுத்தி, துணி டேப் ஒட்டி, வெள்ளி பெயின்ட் அடிங்க. பத்தடி தள்ளி நின்னா வித்தியாசம் தெரியாது. துப்பாக்கிக்கு மரச்சட்டம். வெடிச் சத்தத்துக்குப் பட்டாசு போடாதீங்க, ஸ்பீக்கர்ல விடுங்க.

சண்டை கத்துக்க நம்ம மாவட்டத்துல சிலம்ப ஆசான்களும் அடிமுறை ஆசான்களும் இருக்காங்க. தட்சணை வச்சு முறையாக் கேளுங்க, மறுக்க மாட்டாங்க. அப்புறம் இந்த நாலு ரூல்:

1. தலை, முகம், கழுத்து பக்கம் வீச்சே வரக் கூடாது.

2. ரிகர்சல்ல பாதி வேகம். மேடையில முக்கால் வேகம். முழு வேகம் எப்பவும் கிடையாது.

3. யாராவது 'நிறுத்து'ன்னு கத்தினா அத்தனை பேரும் சிலையாகணும். வசனத்துல அந்த வார்த்தையே வரக் கூடாது.

4. கண்ணாடி போடுறவங்க அதைக் கழட்டிட்டுச் சண்டை போடப் போகாதீங்க. எதிராளி எங்கேன்னே தெரியாது! அவங்களுக்குச் சண்டை இல்லாத வேஷம் கொடுங்க.

மழையும் வெயிலும்

நம்ம மாவட்டத்துக்கு ரெண்டு பருவமழையும் உண்டு. ஆகஸ்ட் 10 அன்னிக்கே நடத்துவோம்னு அடம்பிடிச்சா தென்மேற்கு நனைச்சிடும். அக்டோபருக்குத் தள்ளினா வடகிழக்கு காத்திருக்கும். ஜனவரி, பிப்ரவரி பெஸ்ட். வாடகைக் கடை வெல்வெட் கோட்டு மாட்டி மத்தியான வெயில்ல அரை மணி நேரம் நின்னா ராஜா மயங்கி விழுவார். காட்டன் வேட்டி, முண்டு, துண்டு போதும். 1741-ல் சாதாரணப் படைவீரனுக்கு யார் வெல்வெட் கொடுத்தா? சாயங்காலம் நாலு மணிக்கு மேல வைங்க. ரெண்டு குடம் தண்ணி, ஒரு குடம் உப்புப் போட்ட மோர், ஒரு முதலுதவிப் பெட்டி. மாலைக்கு இருக்கவே இருக்கு தோவாளை.

இப்போ மெயின் மேட்டர்!

டிரஸ்னு சொன்னேன் இல்லையா... இந்த மண்ணுல டிரஸ் வெறும் டிரஸ் இல்லை. திருவிதாங்கூர்ல யார் என்ன உடுத்தலாம்னு சாதிதான் தீர்மானிச்சது. பெண்கள் மார்பை மறைக்கும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டம் 1820-கள்ல வெடிச்சு, 1859-ல் அரசாணை வர்ற வரைக்கும் அடங்கலை. அந்த ஆணையும் முழு உரிமை கொடுக்கலை. மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு நிபந்தனை வச்சது. தலைப்பாகை கட்டக்கூட உரிமை இல்லாத மக்களைத் தலைப்பாகை கட்டிக்கிட்டு வழிபடச் சொன்னவர் அய்யா வைகுண்டர். இன்னிக்கும் பதிகளுக்குப் போனா அதைப் பார்க்கலாம்.

அதனால 'அந்தக் காலத்து வேஷம்'னு யாருக்கோ மேல்துண்டு இல்லாம நிறுத்திட்டுச் சிரிக்கிறது காமெடி ஆகாது. உங்க கூட நடிக்கிற தோழியோட பாட்டியின் பாட்டி அதுக்காக அடி வாங்கியிருக்கலாம்.

அடுத்தது, யாருக்கு எந்த வேஷம்? 'நீ ராஜா மாதிரி இருக்கே', 'நீ சுமை தூக்குறவனா நில்லு'ன்னு நிறத்தையும் ஊரையும் பார்த்துப் பிரிச்சீங்கன்னா, 1741-ஐ மேடையில இல்ல, உங்க வகுப்பறையிலயே நடத்திட்டு இருக்கீங்கன்னு அர்த்தம். சீட்டுப் போடுங்க! மார்த்தாண்ட வர்மா வேஷம் யாருக்கு விழுதோ அவங்கதான் ராஜா. பெண்ணுக்கு விழுந்தாலும் சரி.

ராஜாவை மட்டுமே காட்டாதீங்க. வண்டி ஓட்டினவன், வலை வீசினவன், வரி கட்டின விவசாயி எல்லாரும் இருந்தாங்க. இதுக்கு ஆதாரம் பூதப்பாண்டிக்குப் பக்கத்துலயே கிடைச்சிருக்கு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகள்! நாஞ்சில் நாட்டு நிலம், வரி, பஞ்சம் பற்றியெல்லாம் பேசுற ஏடுகள். மனுஷங்களை விலைக்கு வித்த ஆவணங்களும் அதுல உண்டு. ஆய்வாளர் அ.கா.பெருமாள் பதிப்பிச்சிருக்கார். நூலகத்துல கேட்டு வாங்கிப் படிங்க. திருவிதாங்கூர்ல அடிமை முறை ஒழிஞ்சதா அறிவிப்பு வந்தது 1855-ல்தான். அப்படின்னா உங்க காட்சியில வர்ற சுமைதூக்கியில ஒருத்தன் அடிமையா இருந்திருப்பான். அவனுக்கு ஒரே ஒரு வசனம் கொடுத்துப் பாருங்க, மொத்த நாடகமும் வேற லெவலுக்குப் போயிடும்.

இதெல்லாம் பெரிய மனுஷங்க வேலைன்னு நினைக்காதீங்க. 1907-ல் பூதப்பாண்டியில பிறந்த ஜீவா, பள்ளிக்கூட வயசுலயே நாடகம் எழுதி நடிச்சவர். தாழ்த்தப்பட்ட நண்பனைப் போகக் கூடாத தெருவுக்குள்ள கூட்டிட்டுப் போய் வீட்டிலயும் ஊரிலயும் திட்டு வாங்கினதும் அந்த வயசுலதான். உங்க வயசை விடச் சின்ன வயசு!

கணக்கு நோட்டு முக்கியம்

நட்பு உடையறது சண்டைக் காட்சியில இல்லை, காசு விஷயத்துல. பணம் ஒருத்தர் கையில, பில் இன்னொருத்தர் கையில. வாரம் ஒரு தடவை எல்லார் முன்னாடியும் கணக்கை வாசிங்க. டிரஸ்ஸைப் பத்திரமா மடிச்சு வச்சா அடுத்த வருஷ ஜூனியர்களுக்குச் செலவு பாதியாகும். மைதானத்துக்கு முதல்வர்கிட்ட எழுத்துல அனுமதி. தெருவுல ஊர்வலம்னா போலீஸ் அனுமதியும் வேணும். ரெண்டு வாரம் முன்னாடியே மனு கொடுங்க. வாய்ச்சொல்லை நம்பாதீங்க, நகல்ல சீல் வாங்குங்க.

'இதனால எனக்கு என்ன லாபம்?'

கேட்பீங்கன்னு தெரியும்! பட்டன் தைக்க, பெயின்ட் அடிக்க, மனு எழுத, கோபக்கார நண்பனைச் சமாதானப்படுத்த... எந்த சிலபஸ்லயும் இல்லாததைக் கத்துக்கிறீங்க. நாளைக்கு இன்டர்வியூவுல 'டீம் வொர்க் தெரியுமா?'ன்னு கேட்டா, 'தெரியும் சார்'னு மொட்டையாச் சொல்லாதீங்க. 'இருபது பேர், ரெண்டு மாசம், இவ்வளவு பட்ஜெட், ஒருத்தருக்கும் காயம் இல்லை, கணக்குல ஒரு ரூபாய் உதைக்கலை'ன்னு சொல்லுங்க. எதிர்ல உட்கார்ந்திருக்கிறவர் பேனாவைக் கீழே வச்சுட்டு நிமிர்ந்து பார்ப்பார்.

கடைசியா ஒண்ணு. காட்சி முடிஞ்சதும் ராஜா, டச்சுக்காரன், சுமைதூக்கி எல்லாரும் ஒரே வரிசையில நின்னு கும்பிடுங்க. அப்புறம் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடுங்க. 1741-ல் அது நடந்திருக்காது.

ஓ.கே. மக்கா, ரிகர்சலை ஆரம்பிங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!