‘திட்டுவீங்கன்னுதான் சொல்லல’

“நான் யார்கிட்டயும் நம்பர் சொல்லலையேம்மா.”

பெரியம்மா இதை எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று கணக்கே இல்லை. வங்கியில் சொன்னார். காவல் நிலையத்தில் சொன்னார். மஸ்கட்டிலிருந்து போனில் கத்திய மகனிடம் சொன்னார். பால் ஊற்ற வரும் பெண்ணிடம்கூடச் சொன்னார். யாரும் நம்பவில்லை. ஆனால் அவர் சொன்னது சத்தியம். ஓடிபியை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. அப்படியும் பணம் போய்விட்டது.

பெரியம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கிறார். வயது 74. தொடக்கப் பள்ளியில் 31 வருடம் பாடம் நடத்தியவர். மளிகைக் கணக்கை இன்றைக்கும் நோட்டில் எழுதி, மாதக் கடைசியில் கூட்டிச் சரிபார்க்கிறவர். அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு எதிலும் கை வைத்தவர் இல்லை, ஏலச்சீட்டுகூடக் கட்டியதில்லை. ஏமாந்தவர்களைப் பற்றிப் பேசும்போது நம் மனசில் ஒரு முகம் வருமே, அந்த முகம் இவருடையது இல்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்திருக்கிறது. “வணக்கம் டீச்சர். கருவூலத்திலிருந்து பேசறோம். உங்க நேர்காணல் இன்னும் பதிவாகல. அடுத்த மாசம் பென்ஷன் நின்னுடும்.” தமிழக அரசு ஓய்வூதியர் வீடுகளுக்கு இந்த நேர்காணல் பழக்கமான விஷயம். உயிரோடு இருக்கிறோம் என்று வருடத்துக்கு ஒரு முறை காட்ட வேண்டும். ஓய்வுபெற்ற மாதத்தில் அந்த முறை வரும். பெரியம்மா ஓய்வுபெற்ற மாதம் அது. அழைத்தவனுக்கு அது தெரிந்திருந்தது. பெயர் தெரிந்திருந்தது. ‘டீச்சர்’ என்று கூப்பிட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. “இந்த வயசுல நீங்க ஆபீசுக்கு அலைய வேண்டாம் டீச்சர், வீட்டிலிருந்தே முடிச்சிடலாம்” என்றானாம். வாட்ஸ்ஆப்பில் கோபுர முத்திரையோடு ஒரு கோப்பு வந்தது. தொட்டார். அது கேட்ட அனுமதிக்கெல்லாம் ‘சரி’ கொடுத்தார். திரையில் விரிந்த படிவத்தில் கணக்கு எண், ஏடிஎம் அட்டை விவரம் எல்லாவற்றையும், கருவூலத்துக்குத்தான் போகிறது என்று நம்பி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நிரப்பினார்.

அது ‘ஏபிகே’ வகைக் கோப்பு. பிளே ஸ்டோர் பக்கமே போகாமல் நேராகப் போனில் ஏறிக்கொள்ளும் செயலி அது. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கொடுத்துவிட்டால் போதும். வங்கியிலிருந்து வரும் ஓடிபி, போனுக்குச் சொந்தக்காரர் பார்ப்பதற்குள் திருடன் கைக்குப் போய்விடும். அவர் வாய் திறந்து ஒரு எண்ணும் சொல்ல வேண்டியதில்லை. ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்றுதான் வருடக்கணக்காக நாம் பெரியவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அந்தப் பாடத்தைப் பெரியம்மா அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார். திருடன் பாடத்தை மாற்றிக்கொண்டு வெகுநாளாகிறது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

போனது 3,72,000 ரூபாய். முழங்கால் அறுவை சிகிச்சைக்காக எடுத்துவைத்த பணம்.

இதைவிடப் பெரிய கொடுமை அதற்குப் பிறகுதான். அன்றைக்கு ராத்திரியே குறுஞ்செய்திகளைப் பார்த்து அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடவும் இல்லை. நான் சாதாரணமாகப் பேசக் கூப்பிட்டபோதுகூட “தலைவலிம்மா” என்று வைத்துவிட்டார். திங்கட்கிழமை காலையில்தான் உடைந்தார். சைபர் மோசடிப் புகார்களுக்கான 1930 உதவி எண்ணுக்குக் கூப்பிட்டோம். புகார் பதிவானது. கைமாறிப் போன கணக்குகளில் ஒன்றில் மிச்சமிருந்த 11,000 ரூபாயை நிறுத்திவைத்திருக்கிறார்கள். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையே ஏடிஎம்களில் ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டது.

இந்த மோசடியில் பணம் ஒரே கணக்கில் உட்கார்ந்திருப்பதில்லை. ஒன்றிலிருந்து நான்கு, நான்கிலிருந்து பத்து என்று சில நிமிடங்களில் பிரிந்து ஓடும். சில ஆயிரம் ரூபாய்க்கு ஆசைப்பட்டுத் தங்கள் வங்கிக் கணக்கை வாடகைக்கு விட்ட மாணவர்கள், கூலி வேலைக்காரர்கள் பெயரில் இருக்கும் கணக்குகள் அவை. 1930-க்கு உடனே சொன்னால், ஓடுகிற பணத்தை வழியில் எங்காவது மறித்து நிறுத்த வாய்ப்பு உண்டு. முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம் என்று சைபர் க்ரைம் போலீஸார் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான். அந்த ஒரு மணி நேரத்தைப் பெரியம்மா அழுகையிலும் வெட்கத்திலும் தொலைத்தார்.

“ஏன் பெரியம்மா அன்னிக்கே சொல்லல?” என்று கேட்டேன்.

“திட்டுவீங்கன்னுதான் சொல்லல.”

அவர் பயந்தது போலவேதான் எல்லாம் நடந்தது. “படிச்சவங்கதானே நீங்க?” என்றார் வங்கியில் ஒருவர். “நீங்களே அனுமதி குடுத்திருக்கீங்க, நாங்க என்ன பண்ண முடியும்?” என்றார் இன்னொருவர். மகன் கேட்டதை எழுத மனசு வரவில்லை. ஏன் மறைக்க வேண்டும், “எப்படி பெரியம்மா இதைப் போய் நம்பினீங்க?” என்பதுதான் என் வாயிலிருந்தும் முதலில் வந்தது. திருடனை யாரும் கேள்வி கேட்கவில்லை. பறிகொடுத்தவரைச் சுற்றி நின்றுகொண்டு நாங்கள் எல்லோரும் விசாரணை நடத்தினோம்.

ஏமாறுவது புத்தி சம்பந்தப்பட்டது என்று எண்ணுகிறவர்களிடம் நான் ஒன்று கேட்கிறேன். வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் புத்தியில்லாதவரா? 2024 ஆகஸ்டில் அவரை வீடியோ காலிலேயே ‘டிஜிட்டல் கைது’ செய்துவிட்டதாக மிரட்டி, உச்ச நீதிமன்றம் போலவே ஒரு போலி அமர்வைக் காணொளியில் நடத்தி, 7 கோடி ரூபாயைப் பறித்தார்கள். அவருக்கு அப்போது 82 வயது. ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியிடம் போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். அந்தத் தம்பதி எழுதிய கடிதத்தைப் பார்த்துத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த விவகாரத்தைக் கையில் எடுத்தது. இணையவழி மோசடிகளில் 2024-ல் மட்டும் மக்கள் இழந்தது 22,845 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதற்கு முந்தைய ஆண்டு அது 7,465 கோடி. இத்தனை கோடியும் முட்டாள்களிடமிருந்தா போனது?

இந்த மோசடிக்காரர்கள் குறிவைப்பது அறியாமையைக் காட்டிலும் நம் மனிதர்களின் நல்ல குணத்தைத்தான். அரசாங்கக் கடிதம் என்றால் எழுந்து நின்று வாங்குகிற மரியாதை. போலீஸ் என்ற சொல்லுக்கே நடுங்கும் மானம். பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று தானே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளப் பார்க்கும் பாசம். கூடவே தனிமை. நாள் முழுக்க ‘டீச்சர்’ என்று கூப்பிட ஆளில்லாத வீட்டில் ஒருவன் அப்படிக் கூப்பிட்டால் கதவு தானே திறக்காதா?

ஆளுக்கேற்ற வேஷம் இவர்களிடம் இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவருக்கு, ‘இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்’ என்ற செய்தி. பள்ளிப் பிள்ளையின் அம்மாவுக்கு, கல்வி உதவித்தொகை வந்திருக்கிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்று அழைப்பு. பணம் அனுப்பத்தான் பின் வேண்டும், வாங்க வேண்டாம் என்பது அவசரத்தில் யாருக்கும் நினைவு வராது. கூரியர்காரன் போலப் பேசி, நட்சத்திரக் குறியோடு 21 அல்லது 401 போட்டு ஒரு எண்ணை அழுத்தச் சொல்வான். அழுத்தினால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குப் போகும். உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் என்று சீருடையில் வீடியோ காலில் வருவான். வீடியோ காலில் யாரையும் கைது செய்ய இந்த நாட்டுச் சட்டத்தில் இடமே கிடையாது. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று இல்லை என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார்.

எனக்கு ஆறாத கோபம் வேறொன்றில் இருக்கிறது. பெரியம்மாவின் பெயரும் ஓய்வுபெற்ற மாதமும் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தன? ஜெராக்ஸ் கடை, சிம் கார்டு கடை, கடன் செயலி, குலுக்கல் கூப்பன் என்று எத்தனை இடத்தில் நம் விவரம் சிந்திக் கிடக்கிறது! டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. அதன் விதிகள் வெளிவரவே 2025 நவம்பர் ஆகிவிட்டது. வங்கிகள் சேவை அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண்களையே பயன்படுத்த வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2025-ல் சொன்னது. நல்ல ஏற்பாடு. ஆனால் பாஸ்புக்கில் பதிவு போட வரிசையில் நிற்கும் ஒரு பெரியவருக்காவது அதைத் தமிழில் எடுத்துச் சொன்னவர் உண்டா? பெரியம்மாவின் போனில் வந்த எச்சரிக்கைகள் எல்லாமே ஆங்கிலம். திருடன் மட்டும்தான் அவரிடம் அழகான தமிழில் பேசினான்.

ரிசர்வ் வங்கியின் 2017 விதியும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் இழப்பு அவருடையது. சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. ஆகவே 1930-க்குச் சொன்ன கையோடு வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நம் தலையில்தான் விடிகிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் மன்றாடிக் கேட்கிறேன். இன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் செய்யுங்கள். பக்கத்தில் இருந்தால் உட்கார வைத்துப் பேசுங்கள். வாட்ஸ்ஆப்பில் யார் எந்தக் கோப்பை அனுப்பினாலும் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். கருவூலமோ மின்வாரியமோ போலீஸோ, யார் பெயரைச் சொன்னாலும் போனை வைத்துவிட்டு உங்களைக் கூப்பிடச் சொல்லுங்கள். ‘யாரிடமும் சொல்லக் கூடாது’ என்று எவன் சொல்கிறானோ அவனே திருடன் என்று சொல்லுங்கள். பேரன் குரலிலேயே யாராவது அழுதாலும் வைத்துவிட்டுப் பேரனைக் கூப்பிடச் சொல்லுங்கள். குரலையும் இப்போது போலியாகச் செய்துவிடுகிறார்கள். 1930 என்ற எண்ணைக் கொட்டை எழுத்தில் எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பெரிய தொகையை, எளிதில் கை வைக்க முடியாத தனிக் கணக்கில் போட உதவி செய்யுங்கள்.

இவையெல்லாம் நாளை பழசாகிவிடலாம். திருடன் மறுபடியும் பாடத்தை மாற்றுவான். பழசாகாத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவையுங்கள்: “எது நடந்தாலும் முதல்ல என்கிட்ட சொல்லுங்க. எவ்வளவு போனாலும் நான் திட்ட மாட்டேன்.”

பெரியம்மா இப்போது தெரியாத எண் எதையும் எடுப்பதில்லை. போன வாரம் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அறுவை சிகிச்சைப் பேச்சை எடுத்தாலே “அப்புறம் பாத்துக்கலாம்மா” என்கிறார். அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவர் கையில்தான் போன் இருந்திருக்கிறது. என் எண் அதில் முதலாவதாக இருக்கிறது. ஒரு தட்டு தட்டினால் நான் எடுத்திருப்பேன். நான் திட்ட மாட்டேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியாமல் போய்விட்டது.