தொலைகாட்டியும் தராசும்

எல்ல, அப்புத்தளை, பண்டாரவளை என ஊவாவின் மலையூர்களை நாடி உல்லாசப் பயணிகள் வரத் தொடங்கியதன் பின்னர், தோட்டத்து இளைஞர்கள் சிலர் வழிகாட்டித் தொழிலுக்கு வந்திருக்கிறார்கள். வரவேற்கத்தக்க மாற்றம்தான். ஆனால், பறவை பார்க்க வருபவரை அழைத்துச் செல்வதற்குக் கழுத்தில் ஒரு பைனாகுலர் வேண்டும். அதனை வாங்குமிடத்தில்தான் இவர்கள் ஏமாற்றப்படுகிறார்கள்.

சந்தையிலும் இணையக் கடைகளிலும் ‘60×60’, ‘100×80’ என்று எண்கள் பொறித்த மலிவுக் கருவிகள் விற்பனையாகின்றன. முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண், முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீற்றர் என்பது. ஓர் அடிமட்டத்தை வைத்து அளந்தாலே இரண்டாவது எண்ணின் வாய்மை தெரிந்துவிடும். முதல் எண் மெய்யாகவே 60 என்று வைத்துக்கொண்டாலும் பயனில்லை. கையின் நடுக்கமும் சேர்ந்து 60 மடங்காகிவிடும். பறவை நோக்குவோர் பலரும் 8×42 அளவுக் கருவியோடு நிறைவடைவது இதனால்தான்.

தோட்டத்து மக்களுக்கு அளவையின் அரசியலை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என எத்தனை கிலோ கழிப்பது என்ற தகராறு தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. தராசு யார் கையில் இருக்கிறதோ, அவர் சொல்வதே எடை என்பதை அனுபவித்து அறிந்தவர்கள், கண்ணாடிக் கருவியில் மாத்திரம் விற்பவர் பொறித்த எண்ணை நம்புவானேன்?

ஒரு தொலைகாட்டியின் தரத்தை இரண்டு அளவைகளால் சோதிக்கலாம். ஒன்று, நெருங்கியிருக்கும் இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்டும் ஆற்றல். இதனைப் பிரிதிறன் என்பர். மற்றது, வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டைக் குலையாமல் காட்டும் ஆற்றல்.

முதலாவதை வீட்டு முற்றத்திலேயே அளக்கலாம். வெள்ளைத் தாளில் 1 மில்லிமீற்றர் அகலமான கறுப்புக் கோடுகளை, இடையில் அதே அகல வெள்ளை விட்டு அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பின்னோக்கி நடந்தால், சாதாரணப் பார்வையுள்ளவருக்கு ஏறத்தாழ மூன்றரை மீற்றரில் கோடுகள் கலந்து சாம்பல் நிறமாகும். 8 மடங்குக் கருவியை மதில்மேல் அசையாமல் வைத்துப் பார்த்தால், அதைப்போல் 8 மடங்கு, அதாவது ஏறத்தாழ 28 மீற்றர் வரை கோடுகள் தனித்தனியே தெரிய வேண்டும். 15 மீற்றரிலேயே கலந்துவிட்டால் அது வாங்கத் தகுந்ததன்று. 60 மடங்கு என்று சொல்லப்படுவதாயின், 100 மீற்றரையாவது எளிதில் தாண்ட வேண்டும். கேட்டுப் பாருங்கள்!

ஆய்வுகூடங்களில் 1951இல் அமெரிக்க விமானப்படை வகுத்த கோட்டு அட்டை இன்றும் பயன்படுகிறது. ஆறு படிகளுக்கு ஒருமுறை கோடுகளின் அகலம் பாதியாகச் சுருங்கும் அட்டை அது. கருவியின் பின்னே இன்னொரு சிறு தொலைகாட்டியை வைத்து அதனைப் பார்ப்பார்கள். 42 மில்லிமீற்றர் முன்வில்லை, ஒரு பாகையை 3600 கூறுகளாக்கினால் அவற்றில் 3.3 கூறு இடைவெளியைக்கூடப் பிரிக்கவல்லது. 8 மடங்கில் நம் கண்ணால் அந்த நுணுக்கத்தை எட்ட முடியாது. நல்ல கருவியில் எல்லை வகுப்பது நம் கண்ணே.

அப்படியானால் நடுத்தரக் கருவிக்கும் உயர்தரக் கருவிக்கும் வேறுபாடு எங்கே? பெரும்பாலும் இரண்டாவது அளவையில்தான். வெளிச்சப் பகுதி 90, இருண்ட பகுதி 10 என்று கொள்வோம். இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் 0.8. கருவிக்குள் சிதறிய ஒளி இரண்டிலும் 20ஐக் கூட்டிவிட்டால், 110க்கு 30, விடை 0.57 ஆகக் குறைந்துவிடும். பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். அத்தகைய பரப்புகள் பத்து இருந்தால் மூன்றில் ஒரு பங்கு ஒளி நேர்வழி தவறும். அதில் ஒரு பகுதி கருவிக்குள்ளேயே அலைந்து இருளை வெளிறச் செய்யும். இதனைத் தடுக்கும் பூச்சுக்கு, சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935இல் வழிகண்டார். விலையில் ஒரு பங்கு இந்தப் பூச்சுக்குரியது.

இதற்கும் வீட்டுச் சோதனை உண்டு. உட்புறம் கறுப்புப் பூசிய பெட்டியில் சிறு துளையிட்டு, பிரகாசமான வானத்தின் பின்னணியில் வைத்துப் பாருங்கள். துளை கன்னங்கரேலென்று தெரிந்தால் நல்லது. சாம்பல் பூத்திருந்தால் ஒளி சிதறுகிறது. சூரியன் இருக்கும் பக்கம் மாத்திரம் கருவியைத் திருப்பவேண்டாம், கண் பறிபோகும்.

நமது மலைகளுக்கு இந்த அளவை இன்னொரு வகையிலும் முக்கியமானது. ஈரக்காற்றில் வில்லைகளின் உள்ளே பூஞ்சணம் படரும். அவ்வாறு படர்ந்த கருவி கோட்டுச் சோதனையில் தேறிவிடலாம். ஆனால் நிழல் மரத்தடியில் நிற்கும் கருநீலப் பறவையைக் காட்டாது. பழைய கருவியை வாங்குவோர் முன்வில்லைப் பக்கமிருந்து டோர்ச் அடித்துப் பார்ப்பது நன்று. பூஞ்சணம் சிலந்தி வலைபோலத் தெரியும்.

ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல் கிடைக்கும்வரை ஆண்டுக்கணக்காகப் போராடிய மக்களின் பிள்ளைகள் இவர்கள். ஒரு போலிக் கருவிக்குக் கொடுக்கும் பணம், தாயொருத்தி மலையில் நின்ற பல நாட்களின் கூலி. 2003ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை பொய்யெண் பொறித்த பொருள்களைக் கவனிக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. 2005 முதல் பதுளையில் இருக்கும் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் ஒரு மதிலில் கோட்டு அட்டையைப் பதித்து, யாரும் வந்து சோதிக்கலாம் என்று அறிவித்தால் பெரிய செலவாகாது. மலையகப் பாடசாலைகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு தாளும் ஓர் அளவுநாடாவும் போதும்.

அதிகாரிகள் அசையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தாளைக் கையோடு கொண்டுபோங்கள், கடை வாசலிலேயே ஒட்டிப் பாருங்கள். பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.