வாசலுக்கு வெளியே தள்ளினால் தீர்ந்ததா?

போன மாதம் நண்பர் வீட்டு ரிசப்ஷன். மண்டப வாசலில் பன்னீர், சந்தனம், கற்கண்டு. பக்கத்திலேயே ஒருவரைக் கழுத்தில் கைவைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார் செக்யூரிட்டி. "குடிச்சிட்டு வந்து கலாட்டா பண்றியா? போய்யா வெளியே!"

அந்த மனிதருக்குக் கால் தள்ளாடியது, நாக்குக் குழறியது. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு இருபது வருடச் சர்க்கரை. பார்த்ததும் சந்தேகம் வந்தது. கிட்டே போனேன், சாராய வாடையே இல்லை. உட்காரவைத்து ஒரு டம்ளர் ஜூஸ் கொடுத்தோம். கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் பஸ் ஏறியிருக்கிறார். பெண்ணுக்குப் பெரியப்பாவாம்!

சரி, அவர் குடித்தே இருந்தாலும் தள்ளியது நியாயமா? வாசலுக்கு வெளியே லாரி ஓடுகிற ரோடு. அங்கே விழுந்தால் யார் பொறுப்பு? குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை கொடுத்தால், பாரதிய நியாய சன்ஹிதா 355-ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 24 மணி நேரச் சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது சமூக சேவை. அதையும் கோர்ட்தான் விதிக்க வேண்டும், மண்டப வாசல் அல்ல.

அன்றைக்கே காரில் வந்திறங்கிய ஒருவர் நிஜமாகவே தள்ளாடினார். அவருக்கு சல்யூட்! திரும்பும்போது அவரிடமிருந்து கார் சாவியை வாங்கிவைக்க ஒருவருக்கும் தைரியமில்லை.

செக்யூரிட்டியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் அறுபது தாண்டியிருக்கும். "ட்ரெயினிங்கா? யூனிஃபார்ம் குடுத்தாங்க, நின்னுட்டேன் சார்" என்றார். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கு 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்காக 2006-இல் வந்த மாதிரி விதிகளே 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் வேண்டும் என்றன. கூட்டத்தைச் சமாளிப்பதும் முதலுதவியும் அந்தப் பாடத்தில் இருந்தன. நாள் வாடகையை லட்சத்தில் வாங்குகிறவர்களுக்கு இது தெரியாதா?

பெரிய வித்தை ஒன்றுமில்லை. உட்காரவை. தன்மையாகப் பேசு. கூட வந்தவரைக் கூப்பிடு. படுத்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்கவை. மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். எழுப்பியும் எழவில்லையா, 108-ஐக் கூப்பிடு.

அடுத்த தடவை மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் ஏசியையும் பார்க்கிங்கையும் கேட்கும்போது இதையும் கேளுங்கள்: "வாசலில் நிற்பவருக்கு என்ன சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்?"

நாளைக்கு அந்த வாசலில் தள்ளாடி நிற்கப் போவது நீங்களோ நானோவாக இருக்கலாம்.