இலவசக் கல்விக்கு எல்லை எது?

ஸ்காட்லாந்தில் முதற்பட்டத்துக்குப் படிக்கும் உள்நாட்டு மாணவரிடம் சர்வகலாசாலைச் சம்பளம் வசூலிப்பதில்லை. பட்டம் பெற்றபின் செலுத்தவேண்டியிருந்த தொகையும் 2008-ல் ரத்தாயிற்று. இவ்வேற்பாட்டை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும், உள்நாட்டு மாணவர் யார் என்று வரையறுப்பதிலேதான் ஒரு சர்க்காரின் நியாயபுத்தி வெளிப்படும்.

அங்கு நெடுநாள் நடந்த விந்தையைப் பாருங்கள். ஐரோப்பிய யூனியன் சட்டம், பிற அங்கத்தினர் நாட்டு மாணவரை வேற்றுமையாக நடத்தலாகாது என்றது. ஒரே நாட்டுக்குள் வேற்றுமை பாராட்டுவதைத் தடுக்கவில்லை. ஆகவே பாரிஸிலிருந்து வந்தவர் சம்பளமின்றிப் படித்தார். பக்கத்திலுள்ள இங்கிலாந்திலிருந்து வந்தவரிடமோ 2012 முதல் ஆண்டுக்கு 9,000 பவுன் வரை கேட்கப்பட்டது. பிரிட்டன் யூனியனைவிட்டு விலகிய பின்னர், 2021-ல் புதிதாய்ச் சேர்ந்த ஐரோப்பிய மாணவருக்கும் பொதுவாக இச்சலுகை நின்றது.

இதனினும் பெரிய அநீதி வேறொன்று. சிறுவயதிலேயே குடும்பத்துடன் குடியேறி, அங்கேயே வளர்ந்தும், நிரந்தரவாச உரிமை இன்னும் கிட்டாதவர்களின் கதி என்ன? பதினெட்டு வயதுக்குட்பட்டோர் ஏழாண்டும், அவ்வயதைக் கடந்தோர் தம் ஆயுளில் பாதியோ அல்லது இருபதாண்டோ பிரிட்டனில் வசித்திருக்க வேண்டும் என்றது விதி. மற்றவர்க்கு மூன்றாண்டு வாசமே போதுமாயிருந்தது! உடன் படித்தவர்கள் கலாசாலைக்குச் செல்ல, இவர்கள் வாயிலில் நிற்க நேர்ந்தது. பந்தியில் உட்காரவைத்து இலையைப் பறிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? 2022-ல் ஒரு மாணவி தொடுத்த வழக்கில், எடின்பரோவின் ஸெஷன் கோர்ட்டு இவ்விதி சட்டவிரோதமென்று தீர்ப்பளித்தது. அதன்பின் விதி தளர்த்தப்பட்டது. நியாயம் கிடைத்தது; ஆனால் அதற்கு ஒரு மாணவி கோர்ட்டுப் படியேற வேண்டியிருந்தது.

எல்லையே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. வரி கொடுப்போர் பணத்தில் நடக்கும் தருமத்துக்கு வரம்பு அவசியம். படிப்பதற்கென்றே நம் தேசத்திலிருந்து அங்கு செல்வோர் முழுச் சம்பளம் கட்டுவதை நாம் குறைகூறோம். சுவீடன் 2011-லும் நார்வே 2023-லும் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருவோர்க்குச் சம்பளம் விதித்தன. அதுவும் அந்நாடுகளின் உரிமையே.

ஆனால் படிக்க வந்தவன் வேறு, வாழ வந்தவன் வேறு. தகப்பன் உழைத்து வரி செலுத்துவதும், பிள்ளை பள்ளியில் பயின்றதும், நாளை அவன் பிழைக்கப்போவதும் எந்த மண்ணிலோ, அதுவே அவன் ஊர். பிரஜாவுரிமைப் பத்திரம் தாமதமாவது குடியேற்ற இலாகாவின் வேகத்தைக் காட்டுமேயன்றி, பிள்ளையின் தகுதியைக் காட்டாது. உண்மையான குடிவாசமே அளவுகோலாகட்டும். அது எல்லோர்க்கும் ஒரே அளவாகவும் இருக்கட்டும். இலவசக் கல்வி வழங்கும் சர்க்கார் எதுவாயினும் இதைத் தானே உணர்ந்து செய்யவேண்டும்; கோர்ட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பது அழகன்று.